சுருக்கமாக எழுதவும்

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி:
விபத்து எவ்வாறு நிகழ்ந்தது?
கீழே மூன்று கோடுகள்.
பக்கத்தில் சின்ன எழுத்தில்: சுருக்கமாக எழுதவும்.

நாரஹேன்பிட்டியில், தொழில் திணைக்களத்து மேசையில்,
இடது கையில் பேனாவோடு நான்.
என் இடது கை இப்போதுதான் முதலாம் வகுப்பு.
'அ' போட்டால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகிறது.

மூன்று கோட்டில் எங்கே வைப்பேன்
மட்டக்குளியில் விடியாத நாலு மணியை,
பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கென்று வந்த
ஆயிரத்து ஐந்நூறு ரோல்ஸை,
ஒழுகும் தகரத்தின் கீழே
மாவை இழுத்து இழுத்து மெல்லிசாக்கும்
அந்த இரட்டை உருளையை?

அதற்கு ஒரு கம்பிவலை மூடி இருந்தது.
வாங்கின புதிதில் நானே துடைத்திருக்கிறேன்.
மூடி போட்டால் வேலை சுணங்குதாம்.
கழற்றினார்கள். வீணாக்கவில்லை.
பொரித்த பற்றிஸின் எண்ணெய் வடிய
இரண்டு வருடமாக அதன் மேல்தான் அடுக்கினோம்.

உருளைக்கு என் மேல் கோபம் இல்லை.
மாவுக்கும் எனக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான்.
நடுவிரல். மோதிரவிரல். சுண்டுவிரல்.
கத்தியது நானில்லை, சுனேத்ரா.
சுவிட்ச் இருந்தது மா மூட்டைகளுக்குப் பின்னால்;
அவள்தான் ஏறி விழுந்து போய் நிறுத்தினாள்.
நான் முதலில் நினைத்தது:
ஐயோ, மா வீணாய்ப் போச்சே.
இதையும் எழுத வேண்டுமா, தெரியவில்லை.
வெட்கமாக இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள்
முதலாளியின் மச்சான் வந்தார்.
நாலு ஆப்பிள், ஒரு மா பெட்டி,
பைக்கு அடியில் ஒரு கடதாசி.
'எனது கவனக்குறைவால் நேர்ந்தது.
சொந்த விருப்பில் விலகுகிறேன்.'
என்னால் கையெழுத்துப் போட ஏலாதென்று
தெரிந்தே வந்திருக்கிறார்:
சட்டைப்பையில் மைப்பெட்டி.
"கைநாட்டுப் போதும், பிள்ளை."
ஓ.எல் வரை படித்தவள் நான்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
மருந்து மயக்கம் என்று நினைத்துப் போய்விட்டார்.
ஆப்பிளை மட்டும் சாப்பிட்டேன்; பசித்தது.

பரிசோதகர் கடைக்குப் போன அன்று
மூடி அதனுடைய இடத்தில் இருந்ததாம்.
நாலு திருகாணியும் புதுசாய் மினுங்கினதாம்.
"எப்பவும் இப்படித்தான் சேர்,
அவள்தான் கழற்றியிருப்பாள்."
எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.
எல்லாருக்கும் முதலாம் திகதி வாடகை இருக்கிறது;
நான் குறை சொல்ல மாட்டேன்.
சுனேத்ரா கொண்டை ஊசியைக் கழற்றி
வலையின் மூலையைச் சுரண்டிக் காட்டினாளாம்:
கறுத்து ஒட்டிய பற்றிஸ் தூள்.
"மா தட்டுகிற மெஷினுக்கு, சேர்,
பொரித்த எண்ணெய் எங்கிருந்து வந்தது?"
மறுநாள் அவளுக்கும் வேலை இல்லை.

இந்த மேசையில் ஒரு அட்டவணை இருக்கிறது.
விரலுக்கு விரல் வீதம் போட்டிருக்கிறார்கள்.
சுண்டுவிரல் மலிவு.
ஆனால் முதலாளி 'உதவி' என்று சொன்னதற்கு
இங்கே வேறு பெயர்: நட்டஈடு.
உதவி என்றால் கும்பிட வேண்டும்.
கும்பிட இரண்டு கையும் முழுசாய் வேண்டும்.

எழுதுவினைஞர் என் நண்டுகளைப் பார்க்கிறார்.
நல்ல மனிதர். மெதுவாகச் சொல்கிறார்:
"கஷ்டமென்றால் கைநாட்டு வைக்கலாம், தங்கச்சி."
மைப்பெட்டி இங்கேயும் இருக்கிறது.

வேண்டாம் சேர்.
இன்னொரு தாள் தருவீங்களா?

தாள் நழுவுகிறது. ஒரு கை எழுத,
ஒரு கை பிடிக்க வேண்டும் என்பது
இத்தனை வருடம் எனக்குத் தெரியவே தெரியாது.
பக்கத்துக் கதிரையிலிருந்து
சுனேத்ரா தாளின் ஓரத்தை அழுத்திக்கொள்கிறாள்.
அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது.
ஒவ்வொரு வரி முடியும்போதும்
குனிந்து கேட்கிறாள்:

மூடியை எழுதிவிட்டாயா?